கேட்டருகே ஓயாமல் குரைக்கும் ராக்கி: என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில். ராக்கி, இரண்டரை வயது லேப்ரடார் கலப்பு. நானும் கணவரும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஆறு மணி ஆகிவிடும். அதுவரை அவனை கேட்டுக்குப் பக்கத்தில் கட்டியிருப்போம். பால்காரர், சிலிண்டர் போடுபவர், கொரியர் என யார் வந்தாலும் தொண்டை கிழியக் குரைக்கிறான். ராத்திரியில் தெருநாய்களோடு போட்டி வேறு. பக்கத்து வீட்டுப் பையன் பிளஸ் டூ படிக்கிறான். அவர்களும் பொறுத்துப் பார்த்துவிட்டு இப்போது சண்டைக்கே வந்துவிட்டார்கள். குரைத்தால் ஷாக் அடிக்கும் கழுத்துப் பட்டை ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கலாமா டாக்டர்?

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மா. ராக்கி குரைப்பது வெளியாளைப் பார்த்து. அந்த நேரத்தில் கழுத்தில் ஷாக் அடித்தால், 'நான் குரைத்ததால் வலித்தது' என்று அவன் நினைக்க வேண்டியதில்லை. 'இந்த ஆள் வந்தாலே வலிக்கிறது' என்றும் முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். குரைப்பை நிறுத்திவிட்டு நேராகக் கடிக்கப் போகும் நாய் இப்படித்தான் உருவாகிறது. வாயைக் கட்டி வைப்பதும் ஆபத்து. நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊர் வெயிலில் வாயைக் கட்டினால் உயிருக்கே உலை.

ராக்கியின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். கொரியர்காரர் வருகிறார், இவன் குரைக்கிறான், அவர் போய்விடுகிறார். அவர் எப்படியும் போகப்போகிறவர்தான் என்பது இவனுக்குத் தெரியாது. தன் குரலால்தான் விரட்டினோம் என்றே நம்புகிறான். தினமும் நாலைந்து முறை இந்த வெற்றி கிடைத்தால் பழக்கம் ஏன் விடும்? உள்ளேயிருந்து நீங்கள் 'ஏய், சும்மா இரு!' என்று கத்தினாலும், வீட்டாரும் சேர்ந்து குரைக்கிறார்கள் என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான்.

கேட்டருகே கட்டுவது இதற்கு நெய் ஊற்றுகிறது. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் கிட்டே போய் மோந்து பார்க்கவும் முடியாது, விலகி ஓடவும் முடியாது. பகல் முழுக்கச் சங்கிலியில் இருக்கும் நாய்க்குக் குரைப்பதைத் தவிர வேறு வேலை என்ன இருக்கிறது? எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கக் கூட்டிப் போகாமல் விடுவதை, 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவே வதை என்கிறது.

ஆகவே முதல் வேலை, இடத்தை மாற்றுவது. பகலில் வீட்டுக்குள்ளேயோ, நிழலும் தண்ணீரும் உள்ள பின்பக்கத்திலோ அவிழ்த்து விடுங்கள். கேட்டின் கம்பி இடைவெளியைத் தகரமோ பச்சை வலையோ வைத்து மறைத்துவிடுங்கள். ராத்திரியில் ஹாலில் படுக்க வையுங்கள், தெருப் பக்க ஜன்னலைச் சாத்தி ஃபேனைப் போடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் நீங்களே போய், இன்னின்னது செய்கிறோம், சில வாரங்கள் பிடிக்கும் என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டுச் செய்தால் பாதிக் கோபம் அடங்கும்.

அடுத்தது பயிற்சி. அதைக் கொரியர்காரரை வைத்து ஆரம்பிக்கக் கூடாது. வீட்டில் ஒருவர் வெளியே நின்று கேட்டின் தாழ்ப்பாளை லேசாகத் தட்டட்டும். ராக்கியின் காது நிமிரும். குரைப்பு வருவதற்கு முன்னால் இருக்கும் அந்த ஒரு நொடிதான் உங்களுக்கு வேண்டியது. அப்போதே, மசாலா போடாமல் வேகவைத்த எலும்பில்லாத சிக்கனில் விரல்நுனி அளவு ஒரு துண்டை அவன் பாயில் போடுங்கள். சத்தம் முன்னே, தீனி பின்னே. இந்த வரிசை மாறவே கூடாது. ஐந்து நிமிடம் போதும், நாளைக்கு இரண்டு வேளை. தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் அவன் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தால், கொஞ்சம் பலமாகத் தட்டச் சொல்லுங்கள். அப்புறம் தெரிந்தவர் ஒருவர், அதே ஆள் ஹெல்மெட்டோடு, பிறகு தோளில் பையோடு. ஹெல்மெட் போட்ட முகத்துக்குப் பல நாய்கள் மிரளும், அங்கே அவசரப்படாதீர்கள். இடையில் குரைத்துவிட்டால் படியை ஏறியது சீக்கிரம் என்று அர்த்தம். ஒரு படி இறங்குங்கள், திட்டாதீர்கள்.

அதற்காக, ஒரு குரைப்புகூடக் கூடாது என்று நினைப்பதும் நியாயமில்லை. இரண்டு மூன்று முறை குரைத்துச் சேதி சொல்லட்டும். 'சரி, போதும்' என்று தணிந்த குரலில் கூப்பிட்டு, வாய் மூடியதும் தீனி கொடுங்கள். ராஜபாளையம், கோம்பை மாதிரி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்துவந்த நாட்டு நாய் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் மனதார ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நடைக்குக் காலை ஆறு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். வெயில் ஏறிய தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அவன் பாதமும் தாங்காது. போகும் வழியில் அரைமணி நேரம் மோந்து பார்க்க விடுங்கள். இழுத்துக்கொண்டு வேகமாக நடப்பதைவிட அதில்தான் மூளைக்கு வேலை. தட்டில் கொட்டும் காலைச் சாப்பாட்டில் ஒரு பங்கை, நீங்கள் கிளம்புமுன் பழைய துண்டில் சுருட்டித் தேட விடுங்கள். துணியைக் கடித்து விழுங்குகிறவன் என்றால் தரையில் இறைத்தாலே போதும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு, ஞாபகம் இருக்கட்டும்.

ஒரு நாள் போனில் வீடியோவை ஓடவிட்டுக் கிளம்புங்கள். ஆள் வரும்போது மட்டும் குரைத்தால் மேலே சொன்னதே போதும். நீங்கள் கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்திலேயே ஊளையிட்டு, கதவைப் பிறாண்டி, எச்சில் வடித்தால் அது தனிமையின் பதற்றம். அதற்கு வேறு வைத்தியம், சிலவற்றுக்கு மாத்திரையும் தேவைப்படும். நேரில் கூட்டி வாருங்கள்.

தெருநாய்களை எங்காவது கொண்டுபோய் விடச் சொல்லி யாரையும் கேட்காதீர்கள். 2023ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டபின் பிடித்த இடத்திலேயேதான் விடுவார்கள். உங்கள் தெருவில் கருத்தடை ஆகாதவை இருந்தால் மாநகராட்சிக்கு எழுதிக் கொடுங்கள். இரவுச் சண்டையும் ஊளையும் அதில் குறையும்.

இதுவரை அமைதியாக இருந்த நாய் திடீரென்று குரைக்க ஆரம்பித்தால் காது, பல், மூட்டு எங்காவது வலி இருக்கலாம். வயதான நாய்க்கு ராத்திரியில் திக்குத் தெரியாத குழப்பமும் வரும். குரலே மாறிக் கரகரத்து, எச்சில் வழிந்து, விழுங்கச் சிரமப்பட்டால் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று வாயில் கைவிட்டுவிடாதீர்கள். வெறிநோயிலும் இதே அறிகுறிகள்தான். நாயை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். எச்சில் பட்டவர்கள் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.