5 நாளில் 22 இடமா? முதலில் மதியத்தை முடிவு செய்யுங்கள்

கேள்வி: கோடை விடுமுறைக்கு மனைவி, 9 வயதிலும் 13 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 71 வயது அம்மா என்று ஐந்து பேராக ஒரு பெருநகரத்துக்கு 5 நாள் போகிறோம். 22 இடம், மூன்று வேளைச் சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் சேர்த்து ஏஜென்ட் ஒருவர் பேக்கேஜ் தருகிறார். போன கோடையில் இதே மாதிரி ஒரு பேக்கேஜில் போய், மூன்றாம் நாள் சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு வந்து, மீதி நாளெல்லாம் அறையிலேயே கழிந்தது. அம்மா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இந்த முறை என்ன பார்க்கலாம், எங்கே சாப்பிடலாம்? பேக்கேஜை எடுக்கலாமா?

பதில்: இதை எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் அறையையும் போக்குவரத்தையும் மட்டும் வாங்குங்கள். எந்த இடம், எந்தச் சாப்பாடு என்ற இரண்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். போய்ச் சேரும் நாளும் கிளம்பும் நாளும் பாதிப் பாதிதான் கிடைக்கும். ஆக, உங்களிடம் இருப்பது 4 நாள். 22ஐ 4ஆல் வகுத்தால் நாளுக்கு ஐந்தரை இடம். ஐந்து பேர் வண்டியிலிருந்து இறங்கி, அம்மாவைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போய், டிக்கெட் எடுத்து, பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அனுப்பி, எல்லாரும் மறுபடி வண்டியில் ஏறுவதற்கே முக்கால் மணி நேரம் ஓடிவிடும். நீங்கள் பார்க்கப் போவது 22 வாசல்களைத்தான்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடும்பங்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுக்கிறேன். கோடையில் நகரத்துக்குப் போகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: மதியம் 12 மணியிலிருந்து 4 மணி வரை எங்கே இருப்பீர்கள்? அதற்குப் பதில் இருந்தால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும். என்னிடம் வரும் பேக்கேஜ் தாள்களில் அந்த நான்கு மணி நேரத்தில்தான் மூன்று இடங்களைத் திணித்திருப்பார்கள்.

சூரியன் உச்சிக்கு வருவது நண்பகலில் என்றாலும், காற்றின் வெப்பம் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில். அதனால் 'ஒரு மணி ஆயிற்று, இனி வெயில் இறங்கிவிடும்' என்று நம்பிக் கிளம்புகிறவர்கள்தான் நன்றாக வதைபடுகிறார்கள். நகரத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. தாரும் கல்லும் கான்கிரீட்டும் பகலெல்லாம் சூட்டைக் குடித்து வைத்திருந்து இரவில் வெளியே விடுகின்றன. நகரம் தன்னைச் சுற்றியுள்ள நாட்டுப்புறத்தைவிட, முக்கியமாக இரவில், சூடாக இருக்கிறது என்பதை லண்டனில் லூக் ஹோவர்ட் என்பவர் அளந்து எழுதியே இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. அதனால் மாலை 6 மணிக்குக் கல் பாவிய பெரிய சதுக்கத்துக்குப் போனால் தரையிலிருந்து அனல் கிளம்பிக் காலைத் தாக்கும். மாலைக்கு நீர்க்கரையும் மரம் அடர்ந்த பூங்காவும்தான் சரி. கல் கட்டடம், கோட்டை, பழைய தெருக்கள் எல்லாவற்றையும் காலைக்கு வையுங்கள். 24 மணி நேரத்தில் நகரம் மிகவும் குளிர்ந்திருப்பது விடியலை ஒட்டித்தான்.

ஆக, காலை ஆறரைக்கு வெளியே கிளம்பிப் பத்தரைக்குள் முடித்துவிடுங்கள். காய்கறிச் சந்தை, பூச்சந்தை, மீன் ஏலம் மாதிரி ஏதாவது ஒன்று எந்த நகரத்திலும் விடியலில் நடக்கும். பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது, டிக்கெட்டும் இல்லை. மதியம் கூரைக்கடியில். ஐந்து மணிக்கு மேல் மறுபடி வெளியே. நாளுக்குக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் ஒன்று. 4 நாளுக்கு 12 இடம். அது போதும்.

மதியத்துக்கு அறைக்கே திரும்பித் தூங்குவதுதான் என் முதல் யோசனை. இதில் ஒரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு அதுதான் பொருந்தும் என்று தோன்றுகிறது. தங்குமிடம் அரை மணி நேரத்துக்கு மேல் தள்ளியிருந்தால் திரும்பாதீர்கள். பேக்கேஜ் ஓட்டல்கள் பெரும்பாலும் தள்ளித்தான் இருக்கும். 'நகரத்துக்கு மிக அருகில்' என்று போட்டிருந்தால் நகரத்துக்குள் இல்லை என்று பொருள். அரை மணி என்பதை வரைபடம் காட்டும் நிமிடத்தை வைத்து எண்ணாதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அறைக் கட்டில் வரை எண்ணுங்கள். 20 நிமிட ரயில்தான், ஆனால் இரண்டு பக்கமும் பத்துப் பத்து நிமிடம் வெயிலில் நடக்க வேண்டும், நடுவில் ஒரு முறை மாற வேண்டும் என்றால் அது தூரம்தான். குளிர்சாதன வண்டி வாசலிலிருந்து வாசலுக்கு வருகிறது என்றால் 40 நிமிடம்கூடப் பரவாயில்லை, அம்மா வண்டியிலேயே கண்ணயரலாம். அந்த வண்டி இல்லையென்றால், உச்சி வெயிலில் போக ஒரு முறை, வர ஒரு முறை என்று இரண்டு நடை அவரை நடத்துவது, ஒரே இடத்தில் உட்கார வைப்பதைவிடக் கெடுதல். அந்த மாதிரி நாளில் பெரிய அருங்காட்சியகம், மீன் காட்சியகம், நூலகம் என்று ஒன்றைப் பிடித்து நான்கு மணி நேரமும் அங்கேயே இருந்துவிடுங்கள். முன்கூட்டியே நான்கு விஷயம் கேளுங்கள்: லிப்ட் உண்டா, உட்கார பெஞ்ச் உண்டா, உள்ளே சாப்பிட இடம் உண்டா, ஒரு முறை வெளியே வந்தால் அதே டிக்கெட்டில் மறுபடி உள்ளே விடுவார்களா. பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் சக்கர நாற்காலி இரவலாகத் தருகிறார்கள். அம்மா நன்றாக நடப்பவர் என்றாலும் கேட்டு வாங்குங்கள். நடப்பதைவிட நின்று பார்ப்பதுதான் முழங்காலை வாட்டும்.

அருங்காட்சியகத்துக்கு விடுமுறை நாள் உண்டு என்பது பலருக்கு வாசலில் நிற்கும்போதுதான் தெரிகிறது. உலகத்தில் பல இடங்களில் அது திங்கட்கிழமை. ஆனால் பாரிஸின் லூவர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். அந்தந்த இடத்தின் சொந்த இணையதளத்தில் பாருங்கள். பொது மக்கள் பணத்தில் நடக்கும் ஓர் இடம் என்றைக்குத் திறந்திருக்கும் என்ற ஒரு வரியைக் கண்டுபிடிக்க ஏன் ஐந்து பக்கம் புரட்ட வேண்டும்? ஏன் போன வருடத்து நேரம் இன்னும் அங்கே தொங்குகிறது? முதியவர் எந்த வாசலில் வரலாம் என்று ஏன் எங்குமே எழுதுவதில்லை? பலமுறை எழுதிக் கேட்டிருக்கிறேன். இந்த மூன்று வரியைச் சரியாகப் போட்டால் இடைத்தரகர்களில் பாதிப் பேர் வேலை இழப்பார்கள்.

அந்த இடைத்தரகர்களைப் பற்றித்தான் எனக்கு உங்களிடம் அதிகம் சொல்ல வேண்டும். மூன்று பேரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

முதலாமவர் இணையத்தில் இருக்கிறார். டிக்கெட் என்று தேடினால் மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம். அதே கட்டடத்தின் படம், 'அதிகாரபூர்வ' மாதிரி ஒரு பெயர், 'வரிசையில் நிற்க வேண்டாம்' என்ற வாக்கு. விலை மட்டும் கூடுதல். பல இடங்களில் வரிசை இரண்டு உண்டு, ஒன்று டிக்கெட் வாங்க, இன்னொன்று பாதுகாப்புச் சோதனைக்கு. நீங்கள் பணம் கொடுத்துத் தாண்டுவது முதல் வரிசையை மட்டும்தான். வெயிலில் நிற்க வைப்பது இரண்டாவது. இடத்தின் சொந்தத் தளத்தில் நேரம் குறித்து வாங்கினாலே முதல் வரிசை கிடையாது.

இரண்டாமவர் வாசலில் நிற்பார். கழுத்தில் ஓர் அட்டை, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட படங்கள். 'இன்றைக்கு மூடியாகிவிட்டது, மதியம்தான் திறப்பார்கள், அதுவரை வேறு நல்ல இடம் காட்டுகிறேன்' என்பார். உங்கள் அம்மா நெற்றியைத் துடைப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் வருவார். இந்த ஏமாற்று உலகின் சுற்றுலா நகரங்கள் பலவற்றில் நடக்கிறது. பதில் பேசாமல் நேராகச் சென்று டிக்கெட் ஜன்னலில் கேளுங்கள். திறந்துதான் இருக்கும்.

மூன்றாமவர் உங்கள் வண்டியிலேயே இருப்பவர். 'நல்ல கடை, நமக்குத் தெரிந்தவர்' என்று எங்கே நிறுத்துகிறாரோ அங்கே அவருக்குப் பங்கு இருக்கலாம். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. பல ஓட்டுநர்களுக்குச் சம்பளத்தைவிட இந்தப் பங்குதான் வீட்டை நடத்துகிறது, அந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தது மேலே இருப்பவர்கள். ஆனாலும் உங்கள் வயிற்றுக்கு அது நல்லதல்ல. பங்கு கிடைக்கும் சாப்பாட்டுக் கடை என்பது பேருந்து பேருந்தாக ஆள் வரும் கடை. அங்கே சமையல் காலையிலேயே முடிந்துவிடும்.

இனி சின்னவன் விஷயத்துக்கு வருகிறேன். பேக்கேஜ் சாப்பாடு பெரும்பாலும் பஃபே. அந்தத் தட்டுகளை அருகில் போய்ப் பாருங்கள். அடியில் எரிய வேண்டிய சிறு விளக்கு அணைந்திருக்கும். குழம்பின் மேல் மெல்லிய ஆடை படிந்து, கரண்டியை விட்டால் சுருங்கும். மூடியின் உள்பக்கம் ஆவித்துளி இருக்காது. சோற்றின் ஓரம் காய்ந்து விறைத்திருக்கும். இந்த நான்கில் இரண்டு தெரிந்தால் தட்டைக் கீழே வைத்துவிடுங்கள், பணம் போனால் போகிறது.

காரணம் எளிது. சமைத்த உணவு 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருந்தால் கிருமி வேகமாகப் பெருகும். அப்படி வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. 'திரும்பச் சூடாக்கித் தருகிறோம்' என்றால் ஏற்காதீர்கள். சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு சூட்டில் அழியாது, ஆறிய சோற்றில் வளர்வதும் அந்த வகையில் ஒன்று.

எங்கே சாப்பிடலாம்? கேட்ட பிறகு அடுப்பில் ஏறும் இடத்தில். ஓட்டல் பெரிதா, தெருவோர வண்டியா என்பது இரண்டாம் பட்சம். கண்ணெதிரே கொதிக்கும் சட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும் உணவு, குளிர்சாதன அறையில் மூன்று மணி நேரம் காத்திருந்த உணவைவிட நல்லது. உள்ளூர்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் கடை, விலை எழுதிய பட்டியல் உள்ள கடை, ஐந்தாறு பதார்த்தம் மட்டுமே போடும் கடை, இவை மூன்றையும் நம்பிப் போகலாம். நூறு பதார்த்தம் போட்ட பட்டியல் என்றால் பாதி உறைபெட்டியிலிருந்து வருகிறது. மீனை 'எடைக்கு' என்று சொன்னால், சமைப்பதற்கு முன் எடையும் மொத்த விலையும் கேளுங்கள். பழம் வேண்டுமானால் முழுதாக வாங்கி நீங்களே தோலுரியுங்கள். நறுக்கி அடுக்கியதை விட்டுவிடுங்கள். ஐஸ் வேண்டாம். உறைந்தால் கிருமி சாகாது, தூங்கும், அவ்வளவுதான். அந்த ஊரின் சொந்தச் சாப்பாட்டைப் பிள்ளைகள் ருசிக்கட்டும், அதற்குத்தானே போகிறீர்கள்! ஆனால் புதியதை இரவில் வயிறு முட்டச் சாப்பிடாமல் காலையிலும் மதியத்திலும் சாப்பிடட்டும்.

வயிறு கெட்டால் கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் எல்லாரும் பழிக்கிறார்கள். சில கிருமிகள் சில மணி நேரத்திலேயே வேலையைக் காட்டும், சிலவற்றுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். சின்னவனுக்கு மூன்றாம் நாள் வந்ததற்கு முதல் நாள் பஃபே காரணமாக இருந்திருக்கலாம். பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு வையுங்கள். அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், பாதிப் பாதியாகப் பிரிக்காதீர்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால் சுத்தமான 1 லிட்டர் தண்ணீருக்கு வழித்த டீஸ்பூனால் 6 ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. பழச்சாறும் சோடாவும் இதற்கு ஈடாகாது.

அம்மாவைப் பற்றி. வயதானால் தாகம் சரியாகத் தெரியாது, அதனால் கேட்கும்வரை காத்திருக்காமல் தண்ணீரை நீங்களே நீட்டுங்கள். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில சிறுநீரைக் கூடுதலாகப் போக வைப்பவை. வெயில் காலத்தில் தண்ணீர், உப்பு, மாத்திரை இந்த மூன்றையும் எப்படி வைத்துக்கொள்வது என்று கிளம்புவதற்கு முன் அவருடைய மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வெயிலில் அவர் பேச்சு குழறினாலோ, குழப்பமாக எதையாவது சொன்னாலோ, உடல் கொதித்தாலோ நிழலில் படுக்க வைத்து, உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஏஜென்டுக்கு இன்றே எழுதுங்கள். ஓட்டலின் முழு முகவரி என்ன, மதியச் சாப்பாடு எந்தக் கடையில், 'நுழைவுக் கட்டணம் சேர்த்தி' என்பது எந்தெந்த இடத்துக்கு, சாப்பாடு வேண்டாம் என்றால் எவ்வளவு குறையும், இடையில் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பி வரும். ஐந்துக்கும் எழுத்தில் பதில் வரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம். தொலைபேசியில் 'அதெல்லாம் பார்த்துக்கொள்கிறேன்' என்றால், சரி என்று சொல்லிவிட்டு வேறு ஓட்டல் பாருங்கள்.