பியர்டட் டிராகன் எட்டு நாளா மலம் போகலையா? முதல்ல மணலை எடுங்க

வணக்கம் அண்ணாச்சி. நீங்க வளக்குற பியர்டட் டிராகனுக்கு (ஓணான் வகை) ஆத்து மணல் விரிச்ச தொட்டி, எட்டு நாளா மலம் இல்ல, சாரல் குளிருக்கு பல்பும் சரியா எரியலன்னு எழுதியிருக்கீங்க. இதுல எனக்குப் பயமே மணலும் குளிரும் சேர்ந்ததுதான். புழுவைக் கவ்வும்போது மணலும் உள்ள போகும். உடம்பு சூடேறலன்னா குடல் அசையாது, தின்னது அப்படியே கட்டிப்போகும்.

இன்னைக்கே மணலை அள்ளிட்டு பழைய பேப்பர் விரிங்க. பிறகு சொரசொரப்பான டைல்ஸ் போட்டுக்கலாம். பல்புக்குக் கீழ அது சூடு காயுற இடம் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்கணும். கையால தொட்டுப் பாத்து முடிவு பண்ணாதீங்க, தெர்மாமீட்டர் வைங்க. ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயில் கணக்கில்ல, கால்சியம் உடம்புல சேர உதவுற யுவிபி (புற ஊதாக் கதிர்) அதுல வராது. அது இல்லாம கால்சியம் குறைஞ்சாலும் குடல் மந்தமாகும்.

வெதுவெதுப்பான தண்ணி தோள் வரைக்கும் வச்சு கால் மணி நேரம் விடுங்க, பக்கத்துலயே இருங்க. பல பேருக்கு அந்தத் தண்ணியிலேயே போயிடும். அதுவரை புழு வேண்டாம். பிறகும் ரெண்டு கண்ணுக்கு நடுவுல உள்ள இடைவெளியை விடப் பெரிய பூச்சி கொடுக்காதீங்க.

விளக்கெண்ணெய் மட்டும் வாயில ஊத்திராதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போனா உயிருக்கே ஆபத்து.

பின்னங்கால் இழுத்தாலோ, வயிறு கல்லு மாதிரி இருந்தாலோ, முக்கியும் வரலன்னாலோ காத்திருக்காதீங்க. திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போய் எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்க. துணி சுத்தின டப்பாவுல, சூடு ஆறாம கொண்டு போங்க. கடைசியா என்ன புழு, எவ்வளவு பெருசு கொடுத்தீங்கன்னு இங்க எழுதுங்க.