பந்தியில் ஓர் இடம்: வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு, ஒருவரையொருவர் அறியாதவர்கள் எழுதியவை என்றாலும், ஒரே பொருளைச் சுற்றியே நின்றன. ஆகவே அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

கேள்வி: தாவீது அரசர் மேவிபோசேத்துக்குக் காட்டிய தயவைப் பற்றி அண்மையில் ஓர் உரை கேட்டேன். நண்பர் யோனத்தானுக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் அவர் அதைச் செய்தார் என்றால், அதை இரக்கம் என்று எப்படிச் சொல்வது? பட்ட கடனைத் தீர்த்ததுதானே? நடக்க இயலாத ஒருவரைக் கண்டதும் நெஞ்சில் தானாகச் சுரக்கும் இரக்கத்தைவிட அது ஒரு படி தாழ்ந்தது என்றே எனக்குப் படுகிறது. (ஒரு கல்லூரி ஆசிரியர்)

பதில்: விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் வரும் இந்தக் கதையை அறியாத வாசகர்களுக்காக அதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இஸ்ரவேலின் முதல் அரசர் சவுலும் அவருடைய மகன் யோனத்தானும் ஒரே போரில் மடிந்த செய்தி வந்தபோது, யோனத்தானின் மகன் மேவிபோசேத்துக்கு வயது ஐந்து. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தப்பியோடிய செவிலித்தாயின் அவசரத்தில் அவன் கீழே விழுந்து, இரண்டு கால்களும் முடங்கின. தாவீது அரியணையில் உறுதியாக அமர்ந்து பல ஆண்டுகள் கழித்து, சவுலின் வீட்டாரில் எவரேனும் எஞ்சியிருக்கிறார்களா என்று விசாரிக்கிறார். புதிதாக ஆட்சிக்கு வந்தவர் பழைய அரச குடும்பத்தைப் பற்றி விசாரித்தால், அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் கொலையில்தான் முடியும். லோதேபார் என்னும் இடத்தில் இன்னொருவர் வீட்டில் ஒதுங்கி வாழ்ந்துகொண்டிருந்த மேவிபோசேத், அழைத்து வரப்பட்டதும் முகங்குப்புற விழுந்து, தம்மைச் செத்த நாய் என்று சொல்லிக்கொள்கிறார். தாவீதோ பயப்படாதே என்று சொல்லி, சவுலுக்கு உரிய நிலங்கள் அனைத்தையும் திருப்பித் தந்து, அரசரின் பந்தியில் என்றென்றும் அமர்ந்து உண்ணும் இடத்தையும் தருகிறார்.

இதில் கவனித்துப் படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. யோனத்தான் பொருட்டு நான் தயவு காட்டத்தக்கவர் யார் இருக்கிறார் என்று தாவீது முதலில் கேட்டுவிடுகிறார். அப்படி ஒருவர் இருக்கிறார், அவருக்கு இரண்டு கால்களும் முடம் என்ற செய்தியை, சவுலின் பழைய ஊழியன் சீபா அதன் பிறகுதான் சொல்கிறான். அதாவது வாக்கு முந்தியது, உடலின் நிலை பிந்தித் தெரிய வந்தது. அந்த நிலை தயவுக்குக் காரணமாகவும் இல்லை, தடையாகவும் இல்லை. கால் முடங்கியதைக் கண்டு மனம் இளகிக் கொடுத்திருந்தால், கொடுத்தவர் உயரத்திலும் பெற்றவர் தரையிலுமாகவே கடைசி வரை இருந்திருப்பார்கள். நண்பரின் மகன் என்பதால் கொடுத்தபடியால்தான், அரசரின் புதல்வர்களில் ஒருவரைப் போல அவர் அந்தப் பந்தியில் அமர முடிந்தது.

அங்கே மூலத்தில் உள்ள எபிரேயச் சொல் கெசெத் என்பது. தமிழில் அது இரக்கம், தயவு, கிருபை என்று இடத்துக்கு ஏற்ப வருகிறது. எந்தச் சொல்லைப் போட்டாலும் பாதிப் பொருள் வெளியே நின்றுவிடுகிறது. உறவாலோ உடன்படிக்கையாலோ கட்டுண்ட ஒருவர், அந்தக் கட்டை விடாமல் காட்டும் அன்பு அது; பரிவும் பற்றுறுதியும் அதில் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. ஆகவே உங்கள் கேள்வியில் நீங்கள் எதிரெதிரே நிறுத்திய இரண்டும் அந்தச் சொல்லுக்குள் ஒன்றாகவே இருக்கின்றன.

பின்னொரு காலத்தில் பஞ்சம் வந்து, சவுல் செய்த பழிக்கு ஈடாக அவருடைய சந்ததியாரின் உயிரைக் கிபியோனியர் என்னும் குடியினர் கேட்டபோது, தாவீது எழுவரை ஒப்புக்கொடுத்தார் என்பதையும், மேவிபோசேத்தை மட்டும் யோனத்தானுக்குக் கொடுத்த வாக்கின் பொருட்டுத் தப்பவிட்டார் என்பதையும் அதே நூல் மறைக்காமல் சொல்கிறது. படிக்கவே மனம் கனக்கும் பகுதி அது. அன்று அவரைக் காப்பாற்றியது, தானாகச் சுரந்த இரக்கம் அன்று. ஆண்டுகள் பல கடந்தும் செல்லுபடியாகும் ஒரு வாக்குத்தான்.

வள்ளுவர் கண்ணோட்டத்துக்கு, அதாவது கண்டவரிடம் இரங்கும் பண்புக்கு, தனி அதிகாரம் வகுத்தபோது அதைப் பொருட்பாலின் அரசியலில் வைத்தார்; அருளுடைமையைத் துறவறவியலில் வைத்தார். இந்த வைப்புமுறை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கண்டவுடன் இரங்கும் மனம் தனி மனிதரின் நற்குணமாக நின்றுவிடலாம். ஆளுகின்றவர்களிடம் அது ஆட்சியின் முறையாகவே இருக்க வேண்டும் என்று அதைப் புரிந்துகொள்கிறேன்.

கேள்வி: என் தம்பிக்கு 38 வயது, அறிவு வளர்ச்சிக் குறைபாடு உண்டு. பெற்றோர் மறைந்த பின் ஒன்பது ஆண்டுகளாக நான் ஒருத்திதான் அவனைப் பார்த்துக்கொள்கிறேன். அவனை விட்டுவிடாதே என்று அம்மா கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எனக்கு 51 வயதாகிறது, முதுகு வலிக்கிறது, சில நாள்களில் ஒரு காரணமும் இல்லாமல் அவன் மேல் எரிந்து விழுந்துவிட்டு இரவெல்லாம் அழுகிறேன். ஒரு நல்ல இல்லத்தில் சேர்த்துவிட்டால் அம்மாவுக்குத் துரோகம் செய்தவள் ஆவேனா? (பெயர் வெளியிட விரும்பாத ஒரு தமக்கை)

பதில்: சகோதரி, ஆகமாட்டீர்கள். விட்டுவிடாதே என்றுதான் உங்கள் அம்மா சொன்னார். நீ ஒருத்தியே சும என்று சொல்லவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணித்தான் ஒன்பது ஆண்டுகளாக உங்களை வருத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

மேலே சொன்ன கதையிலேயே, மேவிபோசேத்தின் நிலத்தை உழுது பலனைக் கொண்டுவரும் பொறுப்பைத் தாவீது, 15 மகன்களும் 20 வேலைக்காரர்களும் உடைய சீபாவிடம் ஒப்படைத்தார். ஒருவரின் வாழ்வு தாழாமல் நடக்க இத்தனை கைகள் தேவைப்பட்டன என்று அந்தப் பழைய நூலுக்கே தெரிந்திருக்கிறது. நம் காலத்திலோ ஒரு தமக்கையின் இரண்டு கைகள் போதும் என்று சுற்றம் முழுவதும் ஒதுங்கிக்கொண்டு, அவரைத் தியாகி என்று புகழ்ந்துவிட்டுப் போய்விடுகிறது. உங்கள் களைப்புக்கு உங்கள் அன்பின் குறைவு காரணம் அன்று; வந்திருக்க வேண்டிய மற்றவர்கள் வராததுதான் காரணம்.

பெல்ஜியத்தில் கேல் என்றொரு நகரம் இருக்கிறது. மனநோய்க்குக் குணம் வேண்டி அங்குள்ள தேவாலயத்துக்கு வந்த யாத்திரிகர்களுக்குத் தங்க இடம் போதாமல் போகவே, ஊரார் அவர்களைத் தங்கள் வீடுகளில் ஏற்றுக்கொள்ளத் தொடங்கிய வழக்கம், பல நூற்றாண்டுகளாக இன்றுவரை நீடிக்கிறது. 1930களில் இப்படி வீடுகளில் வாழ்ந்தவர்கள் 3000 பேருக்கும் மேல். அந்தக் குடும்பங்களை வெறும் நல்லெண்ணத்தின் பொறுப்பில் விட்டுவிடவில்லை. அவர்களுக்கு உதவித்தொகை உண்டு, பின்னால் மருத்துவமனையும் செவிலியரும் இருக்கிறார்கள். இத்தனை தலைமுறைகளாக அது முறிந்துவிடாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாட்டுக்கும் பெரும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

இனி நீங்கள் செய்யக்கூடியவை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தம்பியைப் பற்றி எழுதத் தொடங்குங்கள். வலி வந்தால் அவர் எப்படிக் காட்டுவார், எந்தச் சத்தத்துக்கு அஞ்சுவார், எந்தச் சட்டையைப் போடமாட்டார், தூக்கம் வராவிட்டால் என்ன செய்தால் அடங்குவார் என்பதெல்லாம் இப்போது உங்கள் ஒருவரின் தலைக்குள் மட்டுமே இருக்கின்றன. உங்களுக்குத் திடீரென்று ஏதாவது நேர்ந்தால் அவர் இழப்பது ஒரு தமக்கையை மட்டும் அன்று. தம்மைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே மொழிபெயர்ப்பாளரையும் சேர்த்தே இழப்பார். அடுத்து, உறவிலோ நட்பிலோ இரண்டு பேரை வாரத்தில் சில மணி நேரம் அவருடன் தனியே இருக்கப் பழக்குங்கள், அதையும் உங்கள் உடலில் தெம்பு இருக்கும்போதே செய்யுங்கள். சட்டப்படியான பாதுகாவலர், அவர் பெயரிலான பணம் ஆகியவற்றை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு எழுத்தில் ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள்.

இல்லங்களைப் பார்க்கப் போனால், முன்கூட்டிச் சொல்லாமல் மாலையில் ஒரு முறையாவது போங்கள். அங்கே இருப்பவர்கள் எப்போது உறங்குவது என்பதைத் தாங்களே தீர்மானிக்கிறார்களா, அறைகள் வெளியிலிருந்து பூட்டப்படுகின்றனவா, ஊழியர்கள் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார்களா என்று பாருங்கள். சுவரின் வண்ணமும் தோட்டமும் எனக்கு ஒரு பொருட்டே அல்ல. முடிவு செய்வதற்கு முன் தம்பியை இரண்டு நாள் அங்கே தங்கவைத்து அழைத்து வந்து, வீட்டின் படத்தையும் அந்த இடத்தின் படத்தையும் அருகருகே வைத்து அவரிடமே கேளுங்கள். ஒரே நாளில் பதில் வராது. வெவ்வேறு நாள்களில் கேளுங்கள். சேர்த்தீர்களானால், நீங்கள் போகும் நாளை வாரத்தில் ஒரு நாளாக உறுதி செய்து அதைத் தவறவிடாதீர்கள். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அங்கேயும் உங்களுடன்தான் வரும்.

கேள்வி: எங்கள் சங்கக் கட்டடத்தின் வாசலில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் கட்டி ஓராண்டு ஆகிறது. இதுவரை ஒருவரும் அதைப் பயன்படுத்தவில்லை. தேவையில்லாத செலவு செய்துவிட்டோமோ? (ஒரு சங்கச் செயலாளர்)

பதில்: அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள். ஒரு பங்கு உயரத்துக்குக் குறைந்தது 12 பங்கு நீளம் என்பது பரவலாகக் கொள்ளப்படும் கணக்கு. உங்கள் வாசல் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரம் என்றால் சாய்தளம் 5.4 மீட்டராவது இருக்க வேண்டும். இடம் இல்லையென்று இரண்டு மீட்டரில் முடித்திருந்தால், ஏறுகிறவர் பின்னோக்கிச் சரிவார், தள்ளுகிறவருக்கு மூச்சு முட்டும். மேலே போய்ச் சேர்ந்ததும் நாற்காலி திரும்பச் சமதளம் உண்டா, கதவு அகலம் போதுமா, உள்ளே கழிப்பறைக்கு எத்தனை படிகள் என்பதையும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஆறில் ஒருவர் குறிப்பிடத்தக்க இயலாமையுடன் வாழ்கிறார். ஆகவே உங்கள் சங்கத்தைச் சுற்றி அப்படி யாருமே இல்லை என்று கொள்ள வழியில்லை. கட்டுவதற்கு முன் சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒருவரிடமாவது கேட்டீர்களா என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை. இப்போதாவது அழைத்துவந்து கேளுங்கள், அவருடைய நேரத்துக்கு உரிய ஊதியத்தையும் கொடுங்கள்.

கேள்வி: எனக்கு 29 வயது. பெருமூளை வாதத்தால் பேச்சு மெதுவாகவும் குழறியும் வரும். புத்தியில் ஒரு குறையும் இல்லை. வெளியே சென்றால் எல்லாரும் என்னைப் பற்றி என் அண்ணனிடமே கேட்கிறார்கள். அண்ணன் என் மேல் உயிரையே வைத்திருப்பவர். என்னைத் தூக்கிச் சுமந்து படிக்கவைத்தவர். அவரும் எனக்காகப் பதில் சொல்லிவிடுகிறார். இது எனக்கு வலிக்கிறது என்று சொன்னால் நன்றி கெட்டவன் ஆவேனா? (ஒரு வாசகர்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன், ஏனென்றால் அந்த அண்ணன் செய்த தவற்றை நானும் செய்திருக்கிறேன். சக்கர நாற்காலியில் இருக்கும் என் நண்பருடன் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தபோது, சாளரத்துக்கு அப்பால் இருந்தவர் நண்பரின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, இவருக்குக் கையெழுத்துப் போட வருமா என்று கேட்டார். வரும் என்றேன். வெளியே வந்த பிறகு நண்பர் சொன்னார்: "அவர் கேட்டது எனக்குப் பழகிப்போனது. நீ பதில் சொன்னாயே, அதுதான் வலித்தது." அவர் ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதியவர்.

நல்ல எண்ணத்துடன் பிறருக்காகப் பேசுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, சைகை மொழியைவிட வாய்ப்பேச்சுப் பயிற்சியே மேல் என்று தீர்மானித்தது. அங்கே கூடியிருந்தவர்களில் ஏறத்தாழ எல்லாருமே காது கேட்பவர்கள். அந்தக் குழந்தைகள் பேசும் உலகத்தோடு சேர்ந்து வாழ வேண்டும் என்ற அக்கறையில்தான் பலர் அதற்குக் கை தூக்கினார்கள். பல நாடுகளின் வகுப்பறைகளிலிருந்து சைகை மொழி தலைமுறைக் கணக்கில் விலக்கப்பட்டது. கைகளால் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அதே மாநாட்டு வரிசையில் 2010இல் வான்கூவரில் கூடியவர்கள் அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தபோது 130 ஆண்டுகள் கடந்திருந்தன. ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, சட்டத்தின் முன் அவர்கள் மற்றவர்களோடு சமமானவர்கள் என்றும், முடிவெடுக்க உதவி தேவைப்பட்டால் அந்த உதவியைப் பெறும் வழியை அரசு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. அவர்களுக்குப் பதிலாக இன்னொருவர் முடிவெடுத்துவிடுவது அந்த உதவி ஆகாது.

முதல் கேள்வியில் வந்த மேவிபோசேத்தின் கதைக்கு ஒரு பிற்பகுதி உண்டு, அதை உங்களுக்காகவே ஒதுக்கி வைத்தேன். மகன் அப்சலோமின் கலகத்தால் தாவீது நகரை விட்டு ஓடும்போது, சேணம் பூட்டிய கழுதைகளுடனும் உணவுடனும் சீபா எதிரே வந்து, மேவிபோசேத் அரசாட்சி தமக்கு வரும் என்று நகரிலேயே தங்கிவிட்டார் என்கிறான். தாவீது ஒரு வார்த்தையும் விசாரிக்காமல், அவருக்கு உரியதெல்லாம் இனி உனக்கு என்று சொல்லிவிடுகிறார். அரசர் திரும்பி வரும்போது, அவர் போன நாள் முதல் கால்களைப் பேணாமலும் தாடியைச் சீர்செய்யாமலும் உடைகளை வெளுக்காமலும் இருந்த மேவிபோசேத் எதிரே வந்து நின்று, கழுதைக்குச் சேணம் வைத்து உம்மோடு வரவே நினைத்தேன், நான் முடவன், என் ஊழியன் என்னை ஏமாற்றிவிட்டான் என்கிறார். எல்லாம் அந்தச் சேணத்தில் இருக்கிறது. தாமாகப் போக முடியாத ஒருவரின் விசுவாசம், கழுதையைக் கையில் வைத்திருந்தவனின் வாய்ச்சொல்லால் துரோகமாகிவிட்டது. அத்தனை ஆண்டுகள் ஒரே பந்தியில் உண்ட அரசர்கூட, அவரை நேரில் கேட்கும் வரை பொறுக்கவில்லை. கேட்ட பிறகும் நிலத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார்.

உங்கள் அண்ணன் சீபா அல்லர், அன்பினால் பேசுகிறவர். ஆனாலும் உங்கள் சொல் உங்களிடமிருந்து வர வேண்டும் என்று கேட்பது நன்றிகேடு ஆகாது. உங்களைச் சுமந்து படிக்கவைத்தவருக்கு, அந்தப் படிப்பு எதற்கு ஆயிற்று என்று காண உரிமை இருக்கிறது. யாராவது அவரிடம் கேட்டால், அவர் பதில் சொல்லாமல் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் போதும். கேட்டவரின் கண்ணும் தானே திரும்பும். நீங்கள் பேசி முடிக்கும் வரை அவர் வாக்கியத்தை முடித்துக் கொடுக்காமல் இருக்கட்டும். உதவி வேண்டும்போது நீங்கள் அவர் கையைத் தொடுவீர்கள் என்று உங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இந்த இதழ் கைக்கு வந்ததும் இந்தப் பக்கத்தை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள்; எவ்வளவு நேரம் ஆனாலும் நீங்களே அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.