தண்ணீர் ராக்கெட்டின் உந்தக் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி (பிளஸ் ஒன் மாணவர்): 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, கவிழ்த்து வைத்துக் காற்றடித்துப் பறக்கவிடும் தண்ணீர் ராக்கெட் செய்கிறோம். தண்ணீரே ஊற்றாமல் வெறும் காற்றை அடித்தால் எடை குறைந்து இன்னும் உயரமாகப் போகாதா ஐயா?

பதில்: போகாது தம்பி. ராக்கெட் மேலே பெறும் உந்தம், அது கீழே தள்ளும் பொருளின் உந்தத்துக்குச் சமம். உந்தம் என்றால் நிறை பெருக்கல் திசைவேகம் (இங்கே நிறை கிலோவில், திசைவேகம் நொடிக்கு மீட்டரில்). சைக்கிள் பம்ப்பில் 60 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அடித்தாலும் பாட்டிலுக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 12 கிராம்தான். அது ஒலியின் வேகத்தில் சீறினாலும் கிடைக்கும் உந்தம் 3, 4-க்கு மேல் தேறாது. 600 மில்லி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அது நொடிக்கு 28 மீட்டரில் பீய்ச்சத் தொடங்கி, அழுத்தம் இறங்க இறங்க 20-க்கு வரும். சராசரி 24 என்று வைத்தால் உந்தம் 14-ஐத் தாண்டும். அதற்காக முழுக்க ஊற்றிவிடாதீர்கள். தள்ளுவதற்குக் காற்று வேண்டும். மூன்றில் ஒரு பங்கு சரியாக இருக்கும்.

கேள்வி (கல்லூரி மாணவி): இறக்கை, டேப் எல்லாம் சேர்த்துக் காலிப் பாட்டில் 120 கிராம். 14-ஐ அதால் வகுத்தால் நொடிக்குக் கிட்டத்தட்ட 120 மீட்டர் வருகிறது. வீடியோவில் அளந்தால் பாதிகூட இல்லையே?

பதில்: எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது. முதலில் வெளியேறும் தண்ணீர் காலிப் பாட்டிலை மட்டும் தூக்குவதில்லை, உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீரையும் சேர்த்துத் தூக்குகிறது. அந்தத் தண்ணீருக்குக் கொடுத்த வேகம் பாட்டிலோடு தங்காது. இதற்கான சமன்பாட்டை ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்டார். தொடக்க நிறை 720 கிராம், கடைசி நிறை 120 கிராம், விகிதம் 6. அதன் இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln) 1.79. அதைத் தண்ணீரின் சராசரி வேகமான 24-ஆல் பெருக்கினால் நொடிக்கு 43 மீட்டர். மீதிக் காற்று கொஞ்சம் கூட்டும். புவியீர்ப்பும் காற்றுத்தடையும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். டேப், பசையில் 20 கிராம் மிச்சம் பிடித்தால் விகிதம் 7 ஆகும், வேகம் 46-ஐத் தாண்டும். இறக்கைக்கு அட்டை வெட்டும்போதே இதை மனதில் வையுங்கள்.

கேள்வி: பீய்ச்சும் தண்ணீர் தரையை உதைப்பதால்தானே ராக்கெட் எழும்புகிறது?

பதில்: இல்லை. தண்ணீர் பாட்டிலை விட்டுப் பிரியும்போதே கணக்கு முடிந்துவிடுகிறது. அப்புறம் அது எங்கே போய் விழுந்தாலும் ஒன்றுதான். 1920-இல் நியூயார்க் டைம்ஸ் தலையங்கமே இதில் தடுமாறியது. வெற்றிடத்தில் ராக்கெட் இயங்காது என்று அமெரிக்க ராக்கெட் முன்னோடி கோடார்டைக் கேலி செய்தது. அவரோ காற்றை உறிஞ்சியெடுத்த குழாய்க்குள் ராக்கெட்டை இயக்கிக் காட்டியவர். அப்பல்லோ 11 கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17-இல், அந்தப் பத்திரிகை வருத்தம் தெரிவித்தது.

கேள்வி: எங்கள் ராக்கெட் பத்தடி போவதற்குள் குட்டிக்கரணம் அடிக்கிறது.

பதில்: மூக்கில் களிமண் உருண்டை வையுங்கள், இறக்கைகளைக் கழுத்துப் பக்கமாகத் தள்ளி ஒட்டுங்கள். அப்புறம் காலிப் பாட்டிலை அதன் சமநிலைப் புள்ளியில் கயிறு கட்டித் தலைக்கு மேல் சுற்றுங்கள். மூக்கு முன்னால் வந்தால் நேராகப் பறக்கும்.

கேள்வி (ஒரு தாய்): ஆபத்து உண்டா?

பதில்: உண்டும்மா. உந்துவிசை தொடக்கத்தில் 30 கிலோ எடை அளவுக்கு இருக்கும். காற்றடித்த பாட்டில் மேல் யாரும் குனியக்கூடாது; தள்ளி நின்று கயிறால் விடுவியுங்கள். கீறல் விழுந்த பாட்டிலோ, வெயிலில் கிடந்த பாட்டிலோ வேண்டாம்.