அகரமும் னகரமும்: விவிலிய எழுத்துகள் பற்றிச் சில கேள்விகள்

எங்கள் பழைய வேதாகமத்தில் 'அல்பாவும், ஓமெகாவும்' (கிரேக்கத்தின் முதல், கடைசி எழுத்துகள்) என்று இருக்கிறது. திருவிவிலியத்திலோ 'அகரமும் னகரமும்'. னகரம் எப்படிக் கடைசி எழுத்தாகும்?

தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவைப் பாருங்கள். தமிழ் எழுத்துகளை 'அகர முதல் னகர இறுவாய்' என்றுதான் அது எண்ணுகிறது. மெய்களில் கடைசி ன். 1995இல் வந்த திருவிவிலியம் கிரேக்கப் பெயர்களை அப்படியே தராமல், நம் நெடுங்கணக்கிலேயே அந்த இரு முனைகளைக் கண்டுபிடித்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த மொழிபெயர்ப்பு இது.

முதலையும் கடைசியையும் சொன்னால் இடையிலுள்ள அத்தனையும் அடக்கம். வெளிப்படுத்தல் 1:8இல் கடவுள் சொல்லும் இந்தச் சொல்லை 22:13இல் இயேசு தமக்கே சொல்லிக்கொள்கிறார்; அங்கேதான் அதன் கனம். பாஸ்கா திருவிழிப்பில், அதாவது உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய இரவில், குருவானவர் மெழுகுதிரியில் சிலுவை கீறி, மேலே அல்பாவும் கீழே ஓமெகாவும் வரைவார். நடுவில் அந்த ஆண்டின் நான்கு இலக்கங்கள். நாம் வாழும் ஆண்டு அந்த இரண்டு எழுத்துகளுக்குள் நிற்கிறது.

சங்கீதம் 119இல் ஆலெப், பேத் என்று தலைப்புகள் ஏன்?

அவை எபிரேய எழுத்துகளின் பெயர்கள்; மொத்தம் 22. ஒவ்வொன்றுக்கும் 8 வசனம், ஆக 176. ஒரு பத்தியின் எட்டு வசனங்களும் அந்தந்த எழுத்திலேயே தொடங்கும். நம் ஆத்திசூடி போலத்தான். 'உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபம்' என்ற 105ஆம் வசனம் 'நூன்' பத்தியின் முதல் வரி. எபிரேயத்தில் விளக்குக்கு 'நேர்' என்று பெயர். மொழிபெயர்ப்பில் நாம் இழந்தது இதைத்தான்.

விவிலியத்தின் புலம்பல் நூலையும் இதோடு சேர்த்து வாசியுங்கள். எருசலேம் எரிந்தபின் பாடிய ஒப்பாரி அது. முதல் நான்கு அதிகாரங்களும் எழுத்து வரிசையில் போகின்றன. மூன்றாவதில் எழுத்துக்கு மூன்று வசனமாக 66. ஐந்தாவதிலும் 22 வசனம் இருக்கிறது, ஆனால் வரிசை இல்லை. அழுது அழுது வரிசை தப்பிவிட்டது என்றே நான் வாசிக்கிறேன். துயரத்தை அ முதல் ன் வரை சொல்லிப் பார்த்தும் தீரவில்லை.

கோவில் பீடத்தில் 'ஐ.எச்.எஸ்.' என்று இருப்பது ஆங்கிலமா?

இல்லை. இயேசுவின் கிரேக்கப் பெயரின் முதல் மூன்று எழுத்துகள்: அயோட்டா, ஈட்டா, சிக்மா. பெரிய எழுத்தில் ஈட்டா 'எச்' போலவே இருக்கும். ஆங்கில விரிவாக்கங்கள் எல்லாம் பின்னால் ஒட்டியவை.

வெளிப்படுத்தலில் மிருகத்தின் எண்ணாக வரும் 666 யாருடைய எண்? கேட்டாலே பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள். எபிரேயத்தில் எழுத்தே எண். 'நேரோன் கேசர்' என்பதை எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டுங்கள்: 50+200+6+50+100+60+200. சரியாக 666. நேரோன் கேசர் என்றால் பேரரசன் நீரோ; கிறிஸ்தவர்களைக் கொன்ற அந்த ரோமப் பேரரசனையே இந்த எண் குறிக்கிறது என்று அறிஞர் பலரும் கொள்கிறார்கள். சில பழைய பிரதிகளில் 616 என்று இருப்பதும் இதோடு பொருந்துகிறது: 'நேரோ' என்று லத்தீன் முறையில் இறுதி எழுத்தை விட்டு எழுதினால் 50 குறையும்.