வெயிலில் விடுமுறை எடுக்கும் செடி

அன்புள்ள ஐயா,

பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு சரவாக் போயிருந்தோம். பாக்கோ தேசியப் பூங்காவில், கெண்டி போன்ற குடுவையில் பூச்சிகளைப் பிடிக்கும் கெண்டிச் செடியைப் பார்ப்பதற்கென்றே மேட்டில் ஏறினோம். நல்ல வெயில். ஒரு செடியின் முன்னால் வெகுநேரம் நின்றோம். எறும்புகள் விளிம்பில் ஏறித் தேனைக் குடித்துவிட்டுத் தம் பாட்டுக்குத் திரும்பிப் போயின. ஒன்றுகூட விழவில்லை. பொறுமை இழந்து மகன் ஓர் எறும்பைப் பிடித்து உள்ளே போட்டான். பூச்சியைத் தின்னும் செடி என்பதெல்லாம் கொஞ்சம் மிகையோ?

ப.ம., ஈப்போ

அன்புள்ள ப.ம.,

மிகையில்லை. நீங்கள் பார்த்ததும் வேட்டைதான், அதன் முதல் பாதி.

கெண்டியின் விளிம்பைக் கிட்டத்தில் பார்த்தால் வாய்க்குள் இறங்கும் நுண்ணிய வரிகள் தெரியும். மழையோ பனியோ பட்டால் அவற்றின் மேல் நீர் மெல்லிய படலமாகப் பரவிவிடும். எறும்பின் காலுக்குப் பிடி கிடைக்காது. காய்ந்துவிட்டால் அதே விளிம்பில் தாராளமாக நடமாடலாம். நீங்கள் போனது வெயில் நேரம்.

அப்படியானால் பகலெல்லாம் செடிக்கு நஷ்டம்தானே என்று தோன்றும். புருனேயில் ராஃப்லேசியானா வகைக் கெண்டிச் செடிகளில் இதைச் சோதித்திருக்கிறார்கள். சில கெண்டிகளின் விளிம்பை ஓயாமல் நனைத்துக்கொண்டே இருந்தார்கள். மற்றவற்றை இயல்பாக விட்டார்கள். எறும்புகள் கொத்துக் கொத்தாக விழுந்தது இயல்பாக விட்டவற்றில்தான் அதிகம். 2015இல் வெளியான ஆய்வு இது. தேன் தேடி வரும் முதல் எறும்பு செத்துப்போனால் அத்தோடு சரி. உயிரோடு கூட்டுக்குத் திரும்பினால்தானே ஊரையே அழைத்து வரும்? நீங்கள் வழியனுப்பி வைத்த எறும்புகள் அந்த வேலையாகத்தான் போயிருக்கும்.

பாக்கோவிலேயே இருக்கும் கிராசிலிஸ் என்ற சிறிய வகைக்கு மழையே கையாள். அதன் மூடியின் அடிப்பக்கத்தில் தேன் உண்டு, மெழுகுப் பூச்சும் உண்டு. தலைகீழாகத் தொங்கியபடி எறும்பு நக்கிக்கொண்டிருக்கும். மேலே ஒரு மழைத்துளி விழுந்ததும் மூடி விசுக்கென்று துள்ளி, எறும்பை உள்ளே உதறிவிடும். குடை பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டிய செடி. பகல் படகில் வந்து பகல் படகிலேயே திரும்புகிறவர்களுக்கு இதெல்லாம் அமைவது அதிர்ஷ்டம்தான். அடுத்தமுறை பூங்கா விடுதியில் ஓர் இரவு தங்குங்கள். மழை விட்டதும் போங்கள், இல்லையென்றால் விடிகாலையில்.

மகனைத் திட்ட வேண்டாம், ஆனால் எறும்பைப் பிடித்துப் போடுவது இனி வேண்டாம். நாம் போடுவது விழுவதைப் பார்த்தால் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கெண்டிக்குள் இருக்கும் நீரைக் கவிழ்த்துப் பார்க்கவும் கூடாது. சிலர் படத்துக்காகச் செய்கிறார்கள், எனக்கு எரிச்சல் வரும். உள்ளே கொசுப் புழுக்கள் குடியிருக்கும். ஆம்புலாரியா என்று ஒரு வகை, தரையில் கும்பலாக உட்கார்ந்திருக்கும் குண்டுக் கெண்டிகள். மூடி பின்னால் மடிந்து வாய் திறந்தே கிடப்பதால் மேலிருந்து உதிரும் சருகும் உள்ளே சேர்ந்து மட்கும். அதிலிருந்தும் செடி சத்து எடுத்துக்கொள்ளும். பாதிச் சைவம்!

அந்தக் கெண்டிகளில்தான் ஒரு தவளை முட்டையிடுகிறது. வளர்ந்த ஆணே ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல்தான். கூச்சிங் பக்கத்திலுள்ள குபா தேசியப் பூங்காவில் இருக்கிறது. அந்தி சாயும் நேரத்தில் கத்தத் தொடங்கும். கண்ணால் தேடினால் கிடைக்காது, பிள்ளைகளைச் சத்தம் போடாமல் நிற்கச் சொல்லிவிட்டுக் காதால் தேடுங்கள்.