கூடுதல் நேரமா, ஸ்க்ரைபா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு டிஸ்லெக்ஸியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு) என்று உறுதியாகியிருக்கிறது. பொதுத்தேர்வுக்குக் கூடுதல் நேரம் கேட்பதா, ஸ்க்ரைப் (மாணவர் சொல்லச் சொல்ல விடையை எழுதுபவர்) கேட்பதா?

பதில்: குறைபாட்டின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று பாருங்கள். ஒரே தரத்தில் இரண்டு கேள்விகளை எடுத்து, ஒன்றுக்கு எழுதச் சொல்லுங்கள். மற்றதற்குப் பதிலைப் பேசிச் செல்போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பேசிய பதில் பல மடங்கு நிறைவாக இருந்தால் ஸ்க்ரைப் உதவுவார். கேள்வியை நீங்கள் வாசித்துக் காட்டியதும் பதில் சரியாக வருகிறதென்றால், அவனுக்கு வேண்டியது வாசிப்பாளர். எழுத்தும் வாசிப்பும் சமாளித்துவிடுகிறான், கடைசிக் கேள்விகள்தான் விடுபடுகின்றன என்றால் நேரம் மட்டும் போதும். கூடுதல் நேரத்தின் அளவு இடத்துக்கு இடம் மாறும். இந்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் என்றது. பிரிட்டனில் வழக்கமான அளவு 25 சதவீதம்.

இப்போதிருந்தே பள்ளித் தேர்வுகளில், வழக்கமான நேரம் முடிந்ததும் வேறு நிறப் பேனாவுக்கு மாறச் சொல்லுங்கள். கூடுதல் நேரத்தில் எத்தனை மதிப்பெண் வந்தது என்று விடைத்தாளே காட்டிவிடும். அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவச் சான்றிதழிலும் நோயின் பெயரோடு நிற்காமல், வாசிப்பு வேகம், எழுதும் வேகம், அதனால் தேர்வில் என்ன பாதிப்பு என்பதை எழுதி வாங்குங்கள். இது இல்லையென்றால் விண்ணப்பம் திரும்பி வரலாம்.

கேள்வி: மகளுக்கு ஸ்க்ரைப் அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் மாதிரித் தேர்வில் மதிப்பெண் முன்பைவிடக் குறைந்துவிட்டது. ஏன்?

பதில்: பதில் தெரிவது வேறு, அதைச் சொல்லி எழுத வைப்பது வேறு. எழுதும்போது கண் முன்னால் இருக்கும் வாக்கியம், சொல்லும்போது நினைவில் மட்டும் இருக்கிறது. பாதியில் நூல் அறுந்துவிடும். அதனால் பதிலைத் தொடங்குமுன் நான்கைந்து குறிப்புச் சொற்களை அவளே கிறுக்கிக்கொள்ளட்டும், அல்லது எழுதச் சொல்லட்டும். 'கடைசி வரியை வாசியுங்கள்' என்று கேட்கத் தயங்கவே கூடாது. 'புதிய பத்தி' என்பதையும் அவள்தான் சொல்ல வேண்டும்.

கணக்கில் சிக்கல் இன்னும் அதிகம். 'ஏ பை பி பிளஸ் சி' என்றால் ஸ்க்ரைப் 'பி பிளஸ் சி' முழுவதையும் கீழே எழுதலாம், 'பி'யை மட்டும் கீழே எழுதலாம். 'ஏ பை, அடைப்புக்குள் பி பிளஸ் சி, அடைப்பு முடிந்தது' என்று சொல்லிப் பழக வேண்டும். படங்களுக்கு என்ன விதி என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பயிற்சி தருவது பெற்றோராக இருந்தால் ஓர் ஆபத்து உண்டு. மகள் பாதி சொன்னாலே அம்மா மீதியை நிரப்பிவிடுவார், அவருக்கே தெரியாமல்! அசல் ஸ்க்ரைப் சொன்னதை மட்டுமே எழுத வேண்டும். பிழையைத் திருத்தக்கூடாது, சாடையும் காட்டக்கூடாது. எனவே பாடம் தெரியாத அறிமுகமானவர் ஒருவரை வைத்து முதலில் ஒற்றைக் கேள்வி, பிறகு அரைத் தாள், பிறகு முழுத் தாள் என்று பழக்குங்கள். அறையும் தனியாக இருக்கட்டும். பக்கத்தில் இன்னொரு ஜோடி பேசினால் கவனம் போய்விடும்.

கேள்வி: மூட்டு வலியுள்ள மாணவனுக்குக் கூடுதல் நேரம் கொடுத்தும் பயனில்லை. வேறு வழி?

பதில்: வலிக்கிற கையை இன்னும் அதிக நேரம் எழுத வைப்பதுதானே அது! கடிகாரத்தை நிறுத்திவைக்கும் ஓய்வு இடைவேளையைக் கேளுங்கள். தட்டச்சு எளிதென்றால் கணினியையும் கேட்கலாம்.

கேள்வி: முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளை தேர்வறைக்குள் குளுக்கோஸ் கொண்டுபோகலாமா?

பதில்: எழுத்துப்பூர்வ அனுமதியோடு கொண்டுபோவதுதான் பாதுகாப்பு. சோதிக்கும் கருவி, குளுக்கோஸ், தண்ணீர் மூன்றையும் கடிதத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். உடலில் ஒட்டிய சென்சார் செல்போனோடு இணைந்திருந்தால், போன் யாரிடம் இருக்கும், எச்சரிக்கை ஒலித்தால் யார் பார்ப்பார் என்பதையும் தலைமைக் கண்காணிப்பாளரிடம் முன்பே பேசி முடித்துவிடுங்கள். அனுமதிக் கடிதத்தின் நகல் ஒன்று பிள்ளையின் கையிலும் இருக்கட்டும். அறைக் கண்காணிப்பாளர் தேர்வுக்குத் தேர்வு மாறுவார்.